ஆற்றுதலும் கூறுதலும்: கிறித்தவத் தமிழில் நம்பிக்கை, ஆறுதல், தொண்டு ஆகிய சொற்களின் பெயர்ப்பு

1. முன்னுரை

மருத்துவமனையில் ஒரே நோயாளியின் கட்டிலருகே தமிழ்க் கிறித்தவர் இருவர் நிற்பதாகக் கொள்ளலாம். ஒருவர் சீர்திருத்தச் சபையினர், மற்றவர் கத்தோலிக்கர். இருவரும் நோயாளியிடம் ‘நம்பிக்கையோடு இருங்கள்’ என்றே சொல்கின்றனர். சொல் ஒன்று, அவரவர் மறைநூல் வழக்கின்படி கருத்து இரண்டு. 1871இல் முழுமையாக வெளிவந்த, ஹென்றி பவர் பெயரால் வழங்கும் மொழிபெயர்ப்பில் ‘நம்பிக்கை’ என்பது வரவிருக்கும் நன்மையை நோக்கிக் காத்திருக்கும் மனநிலை. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய ‘திருவிவிலிய’த்தில் அதே சொல் இறைவன்மேல் கொள்ளும் பற்றுறுதியைக் குறிக்கும். முன்னதில் ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என அமைந்த மூன்று, பின்னதில் ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’ என அமைகின்றன. ஒரே சொல் ஓரிடம் பெயர்ந்து அமர்ந்திருக்கிறது.

இது சொற்பட்டியல் அளவில் நின்றுவிடும் வேறுபாடு அன்று. துன்புற்றவரைத் தேற்றுவதும் அவர்க்குத் தொண்டு செய்வதும் கிறித்தவ வாழ்வின் உயிர்நிலைகள். அவ்விரண்டும் மொழியின் வழியாகவே நடைபெறுகின்றன. துயருற்றவன் காதில் விழும் சொல் அவனுக்கு எப்பொருளைத் தருகிறது என்பதே மொழிபெயர்ப்பின் இறுதித் தேர்வு. அவ்வகையில், எதிர்காலத்தைப் பற்றிய சொல், ஆறுதலைப் பற்றிய வினை, தொண்டினைப் பற்றிய சொல், துன்புறுபவரைச் சுட்டும் மூவிடப்பெயர் ஆகிய நான்கு இடங்களில் இவ்விரு மொழிபெயர்ப்புகளும் ஒப்பிட்டு மதிப்பிடத் தக்கன.

2. நம்பிக்கையும் எதிர்நோக்கும்

கிரேக்க மூலத்தில் ‘பிஸ்திஸ்’, ‘எல்பிஸ்’ என்னும் இரு சொற்கள் உள்ளன. முன்னதற்குப் பற்றுறுதி என்பதும் பின்னதற்கு எதிர்பார்ப்பு என்பதும் அடிப்படைப் பொருள்கள். இந்திய மொழிகள் இவ்விணையை வெவ்வேறு வகையில் பெயர்த்துள்ளன. இந்தியில் ‘விசுவாஸ், ஆஷா’. மலையாளத்தில் ‘விசுவாசம், பிரத்யாச’. தெலுங்கில் ‘விசுவாசமு, நிரீக்ஷண’. கன்னடத்தில் ‘நம்பிகெ, நிரீக்ஷெ’. கன்னடத்தின் இணை, ‘திருவிவிலியம்’ தேர்ந்த தமிழ் இணையோடு முற்றும் ஒத்திருப்பது கருதத்தக்கது. ‘நிரீக்ஷெ’, ‘எதிர்நோக்கு’ ஆகிய இரண்டும் பார்த்தல் என்னும் வினையடியாகப் பிறந்தவை.

இந்தி வழங்கும் ‘ஆஷா’ தமிழில் ‘ஆசை’யாக வந்து பொருள் திரிந்துவிட்டது. அறநூல்களாலும் சமயநூல்களாலும் களையப்பட வேண்டியதாகச் சொல்லப்பட்ட ஒன்றைத் தெய்விகக் குணமாக எந்த மொழிபெயர்ப்பாளரும் நிறுத்த இயலாது. எனவே பவர் மொழிபெயர்ப்பு ‘பிஸ்திஸ்’ என்பதற்கு ‘விசுவாசம்’ என்னும் வடசொல்லையும் ‘எல்பிஸ்’ என்பதற்கு ‘நம்பிக்கை’ என்னும் தமிழ்ச்சொல்லையும் கொண்டது. செபமாலையில் ‘விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம்’ எனக் கூறிவந்த பழைய கத்தோலிக்க வழக்கும் இதனோடு ஒத்ததே.

இத்தேர்வுக்குச் சொல்வரலாற்றில் ஒரு சார்பும் உண்டு. தொல்காப்பிய உரியியல் ‘நம்பு’ என்னும் உரிச்சொல்லுக்கு நசை, அதாவது விருப்பம், என்று பொருள் கூறுகிறது. விரும்பி நோக்கும் மனநிலை அச்சொல்லின் அடியிலேயே இருந்தது. பிற்காலத் தமிழில் நம்புதல் என்பது ஐயமின்றி ஏற்றல் என்னும் பொருளில் நிலைபெற்றது. ‘நல்லது நடக்கும் என்று நம்புகிறேன்’ என்னும் வழக்கில் பழைய பொருளின் சாயல் இன்றும் உள்ளது. எனினும் ‘அவரை நம்புகிறேன்’ என்பதே சொல்லின் மையம்.

இதனால் பவர் மொழிபெயர்ப்பில் சில இடங்கள் மயங்குகின்றன. எபிரெயர் நிருபம் 11ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் விசுவாசம் இன்னது என வரையறுக்கப்படும்போது ‘நம்பப்படுகிறவை’ என்னும் சொல் வருகிறது. மூலத்தில் அது எதிர்பார்க்கப்படுபவற்றைக் குறிக்கும். தமிழ் வாசகரோ விசுவாசத்தை நம்பிக்கையால் வரையறுக்கும் கூறியது கூறலாகவே அதனைக் கேட்பார். இவ்விடத்தில் ‘எதிர்நோக்கு’ என்னும் புதிய சொல் தெளிவு தருகிறது.

தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 4ஆம் அதிகாரம் இதனினும் கூர்மையான சான்று. அடக்க ஆராதனைகளில் பெரிதும் வாசிக்கப்படும் பகுதி அது. இறந்தோர் பொருட்டுத் துக்கிக்கும் முறையைப் பேசுகையில், பவர் மொழிபெயர்ப்பு பிறரை ‘நம்பிக்கையற்றவர்கள்’ என்கிறது. மூலத்தின் கருத்து, எதிர்காலம் பற்றிய ஏக்கத்திற்கு விடை காணாதவர்கள் என்பது. ஆயினும் இன்றைய தமிழில் ‘நம்பிக்கையற்றவர்’ என்பது இறைமறுப்பாளரையோ ஐயுறுபவரையோ குறிக்கும். துக்கத்தில் பங்குகொள்ள வந்து நிற்கும் பிற சமயத்து அண்டைவீட்டார் அதனைத் தம்மைப் பழித்த சொல்லாகவே கேட்கக்கூடும். ஆறுதலுக்கென வாசிக்கப்படும் பகுதி ஒருவரைப் புறந்தள்ளுவதாக ஒலிப்பது மொழிபெயர்ப்பின் குறையே.

இனி, ‘எதிர்நோக்கு’ என்பது குறையற்றதா என்பதும் வினவத்தக்கது. செய்தித்தமிழில், சிறப்பாக இலங்கைத் தமிழிலும் மலேசியத் தமிழிலும், ‘எதிர்நோக்கு’ என்னும் வினை நன்மைக்கும் தீமைக்கும் பொதுவானது. நெருக்கடியை எதிர்நோக்குதல், சிக்கல்களை எதிர்நோக்குதல் என்றே மிகுதியும் வரும். பழைய கிரேக்கத்தில் ‘எல்பிஸ்’ என்பதும் இத்தகைய நடுநிலைச் சொல்லே. எனினும் புதிய ஏற்பாட்டில் அது நன்மைக்கே உரிமை பூண்டது. சொற்பிறப்பை நோக்கின் ‘எதிர்நோக்கு’ பொருத்தமானது. மூலநூலின் வழக்கை நோக்கின் அது வெதுவெதுப்பற்றது. வழிபாட்டில் முப்பது ஆண்டுகளாகப் புழங்கியதாலும், 2025ஆம் ஆண்டின் யூபிலிக் கொண்டாட்டத்தில் பரவலாக எடுத்தாளப்பட்டதாலும் கத்தோலிக்கரிடையே அச்சொல்லுக்கு நற்பொருள் ஏறிவருகிறது. ஆயினும் துயருற்றவரிடம் ‘எதிர்நோக்கோடு இருங்கள்’ என்பது இன்னும் இயல்பான பேச்சாகவில்லை. வழிபாட்டில் ‘எதிர்நோக்கு’ எனக் கேட்டவரும் கட்டிலருகே ‘நம்பிக்கை’ என்றே சொல்கிறார்.

3. ஆற்று, தேற்று, கூறு

ஆறுதல் பற்றிய சொற்களில் தமிழ் வளமுடையது. ‘ஆறு’ என்பது தன்வினை. அதன் பிறவினை ‘ஆற்று’. சூடு ஆறும், பசி ஆறும், சினம் ஆறும், புண் ஆறும், மனம் ஆறும். உடலின் வெம்மை தணிவதும் உள்ளத்தின் வெம்மை தணிவதும் ஒரே வினையால் உணர்த்தப்படுகின்றன. ‘தேறு’ என்பதன் பிறவினை ‘தேற்று’. கலங்கிய நீரைத் தெளிவிக்கும் கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர். மயங்கியவன் தேறுவதும் கலங்கியவன் தேறுவதும் தெளிதலே. ஆகவே ஆற்றுதல் வெம்மையைத் தணித்தல். தேற்றுதல் கலக்கத்தைத் தெளிவித்தல். இவ்விரண்டும் இணைந்த ‘ஆற்றித் தேற்றி’ என்னும் தொடர் பேச்சு வழக்கிலும் உண்டு.

ஏசாயா 40ஆம் அதிகாரம் எபிரேயத்தில் ஒரே ஏவல் வினையை இருமுறை அடுக்கித் தொடங்குகிறது. பவர் மொழிபெயர்ப்பு அவ்வடுக்கை அப்படியே கொள்ளாமல் ‘ஆற்று’, ‘தேற்று’ என்னும் இரு வினைகளாக விரித்தது. மூலத்தின் அடுக்கு இதனால் மறைந்தது. ஆனால் தமிழின் இணைமொழி மரபு அவ்விடத்தில் வந்து அமர்ந்தது. சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் இயல்புடையதென்று குறைகூறப்படும் ஒரு மொழிபெயர்ப்பு இங்கே தமிழின் உள்ளிருந்து பேசுகிறது.

‘திருவிவிலியம்’ இதே இடத்தில் ஆறுதல் கூறுதல், கனிமொழி கூறுதல் என அமைக்கிறது. இரு தொடரிலும் வினை ‘கூறு’ என்பதே. நடை எளிது, பொருள் உடனே விளங்குகிறது. ஆனால் வினையின் தன்மை மாறிவிட்டது. ‘ஆற்று’ என்பது விளைவை உள்ளடக்கிய வினை. வெம்மை தணிந்தாலன்றி ஆற்றுதல் நிறைவேறாது. ‘ஆறுதல் கூறு’ என்பதில் கூறியவுடன் செயல் முடிந்துவிடுகிறது; கேட்டவர் மனம் ஆறிற்றா என்பது வினைக்குப் புறம்பாகிறது. மூலத்தில் பேசுதல் பற்றிய ஏவல் அடுத்த வசனத்தில் தனியே வருவதால், முதல் வசனத்திலேயே பேச்சைப் புகுத்தும் தேவையும் இல்லை.

ஆறுதல் சொற்களாலும் தரப்படுகிறதே என்னும் தடை இங்கு எழலாம். மேலே சுட்டிய தெசலோனிக்கேயர் பகுதியே சொற்களைக் கொண்டு ஒருவரையொருவர் தேற்றும்படி ஏவி முடிகிறது. எனினும் பவர் மொழிபெயர்ப்பின் தொடரமைப்பை நோக்கினால், அங்கு ‘வார்த்தை’ என்பது மூன்றாம் வேற்றுமை ஏற்றுக் கருவியாக நிற்கிறது. முதன்மை வினை ‘தேற்று’ என்பதே. சொல் கருவி; தேற்றம் செயல். ‘ஆறுதல் கூறு’ என்னும் தொடரில் கருவியே செயலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இலக்கண அளவில் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு பொருள் அளவில் பெரிது.

யோபுவின் வரலாறு இதற்கு உரைகல். அவனுடைய நண்பர்கள் முதல் ஏழு நாள்கள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்தனர். பின்னர்ப் பேசத் தொடங்கினர்; அப்பேச்சே அவனுக்கு வாதையாயிற்று. 16ஆம் அதிகாரத்தில் யோபு அவர்களைச் சலிப்போடு சுட்டுமிடத்தில் பவர் மொழிபெயர்ப்பு ‘தேற்றரவாளர்’ என்னும் சொல்லை ஆள்கிறது. யோவான் நற்செய்தியில் தூய ஆவியைக் குறிக்கும் ‘பராக்ளேட்டோஸ்’ என்பதற்கும் அது ‘தேற்றரவாளன்’ என்னும் சொல்லையே தருகிறது. தொழிற்பெயர் விகுதிகளுள் ஒன்றாகிய ‘அரவு’ பெற்ற ‘தேற்றரவு’ என்பதன்மேல் எழுந்த சொல் இது. பேசியே வருத்தியவரும் உடனிருந்து காப்பவரும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதால், இரு பகுதிகளையும் அறிந்த வாசகர் உண்மைத் தேற்றத்தையும் போலித் தேற்றத்தையும் ஒப்பிட்டுக் காண்கிறார்.

‘பராக்ளேட்டோஸ்’ என்பதன் சொற்பொருள் அருகில் அழைக்கப்பட்டவர் என்பது. மலையாளம் ‘காரியஸ்தன்’ என்றும், இந்தி ‘ஸஹாயக்’ என்றும், தெலுங்கு ‘ஆதரணகர்த்த’ என்றும் பெயர்த்தன. பவர் மொழிபெயர்ப்பே யோவானின் முதல் நிருபத்தில் இச்சொல்லைப் பரிந்து பேசுகிறவர் என்னும் பொருளில் பெயர்த்துள்ளது. ‘திருவிவிலிய’த்தின் ‘துணையாளர்’ மூலத்திற்கு மிக அணுக்கமானது. துன்புற்றவனுக்கு முதலில் வேண்டுவது துணை என்னும் தமிழ் உணர்வுக்கும் இயைந்தது. பெயர்ச்சொல்லில் இத்துணை நுட்பம் காட்டிய மொழிபெயர்ப்பு வினைச்சொல்லில் ‘கூறு’ என்பதோடு அமைந்தது வியப்புக்குரியது.

தமிழ்ச் சமூகத்தின் இறப்புச் சடங்கு வழக்கும் இங்கு நினைக்கத்தக்கது. இறப்பு நேர்ந்த வீட்டிற்குச் செல்வதைத் ‘துக்கம் விசாரித்தல்’, ‘துக்கம் கேட்டல்’ என்றே மக்கள் கூறுவர். செல்பவரின் முதற்கடமை கேட்டல். வீட்டார் நிகழ்ந்ததைச் சொல்லிச் சொல்லி ஆறுகின்றனர். வந்தவர் கேட்டுக் கேட்டு ஆற்றுகின்றனர். இவ்வழக்கையுடைய மொழியில் ஆறுதல் முழுவதையும் கூறுதலாக்குவது இழப்பாகும்.

4. ஊழியமும் தொண்டும்

கலித்தொகையின் 133ஆம் பாடல் பண்புகள் பலவற்றை வரையறுக்கிறது. அவற்றுள் ‘ஆற்றுதல்’ என்பதற்கு, வறுமையாலும் துன்பத்தாலும் அலைந்தவர்க்கு உதவுதல் என்பது அது தரும் விளக்கம். ‘ஆற்று’ என்பதற்குத் தணித்தல், செய்தல் என்னும் இரு பொருள்களும் உண்டு. வேரால் இவை ஒன்றெனக் கொள்ளவேண்டியதில்லை. வழக்கில் இரண்டும் ஒரே வடிவில் நின்று ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன என்பதே வேண்டப்படுவது. துயர் ஆற்றுவதும் பணி ஆற்றுவதும் தமிழில் ஒரே ஒலியுடைய வினைகள்.

தொண்டினைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘தியாக்கொனியா’. பந்தியில் பரிமாறுதல் அதன் தொடக்கப் பொருள்களுள் ஒன்று. பவர் மொழிபெயர்ப்பு அதனை ‘ஊழியம்’ என்றது. இச்சொல்லுக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்திருவிதாங்கூரில் ‘ஊழியம்’ என்பது ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் அரசு கூலியின்றி வாங்கிய கட்டாய உழைப்பின் பெயர். கிறித்தவத்தைத் தழுவியவர்க்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குப் பெற மிஷனரிகள் வேண்டினர், விலக்கும் கிடைத்தது. ஞாயிறன்று ஊழியத்திலிருந்து விடுபட்டுக் கோயிலுக்கு வந்த மக்கள், அங்கே இறைமகன் ஊழியம் செய்ய வந்தார் என்று வாசிக்கக் கேட்டனர். தம்மேல் சுமத்தப்பட்டிருந்த சொல்லை இறைவன் தானே விரும்பி ஏற்றதாக அவர்கள் கேட்டிருக்கக்கூடும். ‘தொண்டு’ என்னும் சொல்லால் இவ்வதிர்ச்சியைத் தந்திருக்க இயலாது.

எனினும் சொற்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. இன்று சீர்திருத்தச் சபைகளில் ‘ஊழியம்’ என்பது பெரிதும் அருட்பணிப் பொறுப்பையும் நற்செய்திப் பரப்புதலையும் குறிக்கும். ‘ஊழியக்காரர்’ என்பது மதிப்புக்குரிய பதவிப்பெயர். மேடையில் பேசுவது ஊழியம். நோயாளியின் புண்ணைக் கழுவுவது பெரும்பாலும் ‘சேவை’ அல்லது ‘உதவி’. பரிமாறுதல் என்னும் அடிப்பொருள் சொல்லிலிருந்து விலகிவிட்டது. இந்நிலையில் ‘திருவிவிலியம்’ மாற்கு 10:45இல் ‘தொண்டு ஏற்றல்’, ‘தொண்டு ஆற்றுதல்’ என எதிர்நிலைப்படுத்துவது பெரும் பேறு. கைவேலையின் மணம் அச்சொல்லில் உண்டு. சைவ, வைணவ அடியார் மரபின் உயர்வும் உண்டு. ஏசாயாவில் விடுபட்ட ‘ஆற்று’ என்னும் வினை இங்கு வந்து சேர்ந்திருப்பதும் காணத்தக்கது.

இவ்வசனமே வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குறிக்கோளுரைக்கு அடிப்படை. 1900ஆம் ஆண்டில் மருத்துவராக வேலூர் வந்த ஐடா ஸ்கடர் ஒரே கட்டிலோடு தொடங்கிய மருத்துவப் பணி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக விரிந்தது. 1940களின் பிற்பகுதியிலிருந்து அங்குப் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். தொழுநோயாளரின் கைகால் புண்கள் சதை தானே அழுகுவதால் விளைவன அல்ல, உணர்வற்ற உறுப்பு மீண்டும் மீண்டும் அடிபடுவதால் விளைவன என்றும், அடிபடாமல் காத்தால் அவை ஆறும் என்றும் அவர் நிறுவினார். ஆறாது என்று கைவிடப்பட்ட புண் ஆறியது. ‘ஆறுதல்’ என்னும் சொல் தன் முதற்பொருளையும் வழிப்பொருளையும் அங்கு ஒருங்கே பெற்றது. மடங்கிய கை மீண்டும் கருவியைப் பிடிக்கத் தொடங்கியபோது அந்நோயாளர் பெற்றதை ‘நம்பிக்கை’ என்பதா ‘எதிர்நோக்கு’ என்பதா என்னும் வினாவுக்கும் அங்கே ஒருவகையில் விடை உண்டு: பற்றுவதற்கு ஒன்று கையில் வந்த பின்னரே மனம் முன்னோக்கிப் பார்க்கிறது.

அப்போஸ்தலர் நடபடிகளின் 4ஆம் அதிகாரமும் இதனை வலியுறுத்தும். ‘ஆறுதலின் மகன்’ எனப் பவர் மொழிபெயர்ப்பில் பெயர் விளக்கம் பெறும் பர்னபா, அங்குச் சொற்பொழிவு எதனையும் நிகழ்த்தவில்லை. தன் நிலத்தை விற்று, வறியோர் குறை தீரப் பணத்தைக் கொண்டுவந்து வைக்கிறான். ஆறுதல் அவ்விடத்தில் செயலாகவே அறிமுகமாகிறது.

5. அவனும் அவரும்

கிரேக்கப் படர்க்கைப் பெயரில் மதிப்பு வேறுபாடு இல்லை. தமிழில் பெயர்ப்பவர் ‘அவன், அவள், அவர்’ என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். பவர் மொழிபெயர்ப்பில் இயேசு ‘அவர்’. அவரிடம் வந்த நோயாளி ‘அவன்’. மாற்கு முதல் அதிகாரத்தில் வருபவன் ‘குஷ்டரோகி’. ‘திருவிவிலிய’த்தில் அவர் ‘தொழுநோயாளர்’. அவரைச் சுட்டும் வினைமுற்றும் உயர்வொருமையே. பெண்களுக்கும் அவ்வாறே.

இயேசுவுக்கும் எளியோர்க்கும் ஒரே மதிப்புவிகுதி வருவதால் யார் யாரைச் சுட்டுகிறார் என்னும் மயக்கம் சில தொடர்களில் நேர்வது உண்மை. மொழிபெயர்ப்பாளர்கள் பெயரை மீண்டும் கூறி அம்மயக்கத்தைத் தவிர்க்க வேண்டியுள்ளது. அதனால் தொடர் நீள்கிறது. இவ்விலை கொடுக்கத் தக்கதே. தொழுநோயாளரைத் தொட்ட கையைப் பற்றிய பகுதியைத் தொழுநோயாளரே செவிமடுக்கும்போது, அவரைச் ‘அவன்’ எனச் சுட்டும் தமிழ், தொடுதலின் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. ‘அவர்’ என்னும் விகுதி மட்டுமே தரக்கூடிய ஆறுதல் ஒன்று உண்டு. ‘திருவிவிலிய’த்தின் தலையாய சாதனை அதன் சொற்றெரிவினும் இவ்விலக்கணத் தெரிவிலேயே உள்ளது எனலாம்.

6. முடிவுரை

இரு மொழிபெயர்ப்புகளும் வெவ்வேறு இடங்களில் ஆறுதலைக் காத்துள்ளன. பவர் மொழிபெயர்ப்பு ‘ஆற்று, தேற்று’ என்னும் வினைகளில் அதனைக் காத்தது. ‘நம்பிக்கையற்றவர்’, ‘குஷ்டரோகி’ போன்ற பெயர்களில் இழந்தது. ‘திருவிவிலியம்’ ‘துணையாளர்’, ‘தொண்டு’, ‘அவர்’ ஆகியவற்றில் அதனை மீட்டது. ‘கூறு’ என்னும் வினையில் நழுவவிட்டது. ‘எதிர்நோக்கு’ வரையறை வேண்டும் இடங்களில் இன்றியமையாதது. துயருற்றவரை நேரே விளிக்கும் இடங்களில் அதற்கு வழக்கின் துணை இன்னும் போதாது.

இனி வரும் திருத்தங்களில் இரண்டு மாற்றங்கள் கருதத்தக்கன. ஒன்று, ஆறுதல் முதன்மை வினையாக வரும் இடங்களில் ‘ஆற்று, தேற்று’ ஆகியவற்றை மீட்டுக்கொள்வது. மற்றொன்று, இறப்பிலும் நோயிலும் வாசிக்கப்படும் பகுதிகளை, அவ்வின அல்லாத பகுதிகளினும் கூடுதல் கவனத்தோடு, வாய்விட்டுப் படித்துக் கேட்டு முடிவு செய்வது. அவ்வாசிப்பைக் கேட்பவருள் பிற சமயத்தாரும் எழுத்தறியாதாரும் இருத்தல் வேண்டும். ஆறுதலுக்குரிய பகுதிகளை அவர்களும் கேட்கின்றனர். அலந்தவர்க்கு உதவுவதே ஆற்றுதல் என்று வரையறுத்த மொழிக்கு, ஆறுதலையும் தொண்டையும் ஒருசேரச் சொல்லும் சொல்லைப் பிறமொழியிலிருந்து கடன்வாங்க வேண்டிய நிலை இல்லை. இருப்பதை எடுத்து ஆளுதலே வேண்டுவது.